வேனில் போன ஓட்டுகள்

சலவைக்கூடத்தில் அவளுக்குத் தளபதி என்று பெயர் வைத்தவர் வேன் டிரைவர் அண்ணன். ஒரு தேர்தல் நாளில் மதிய ஷிப்ட் முடிந்து, பெண்கள் முகம் கழுவித் தலைவாரி ஈரக் கைகளை உதறிக்கொண்டே வெளியே வந்தபோது, அவள் வேனின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ ஏறு. நீ உள்ள தள்ளு. உன் அட்டை எங்க, காட்டு. காட்டாம ஏறாதே" என்று ஒவ்வொருத்தியையும் விரட்டினாள். அதைப் பார்த்த டிரைவர் அண்ணன், "யம்மா, சண்டைக்குப் படை அனுப்புற தளபதி மாதிரில்ல நிக்கிறே" என்றார். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் மிஞ்சியது.

நகராட்சி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சமையல்கட்டுக்கும் பிணவறைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஒரு முனையில் அழுக்கு மூட்டை இறங்கும். மறுமுனையில் மடித்த விரிப்புகள் அடுக்கடுக்காக வெளியே போகும். நடுவில் வயிறு பெருத்த இயந்திரங்கள் நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் காதோடு காதாகப் பேசுவதற்கே கத்த வேண்டும். கத்திக் கத்திப் பழகிப்போய், வீட்டிலும் தளபதிக்குக் குரல் இறங்காது. "அம்மா, பக்கத்துலதானே இருக்கேன்" என்று மகள் காதைப் பொத்திக்கொள்வாள்.

உருளை இஸ்திரியிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது அப்பளம் போல மொடமொடவென்றிருக்கும். அதை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறு, ஒரு மடிப்பு, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, ஒருத்தி விட, இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். திரும்பவும் பின்னால் போக வேண்டும். நாள் முழுக்க இப்படி நெருங்குவதும் விலகுவதும்தான் வேலை. எதிரில் நிற்பவளோடு ஒத்துப்போகவில்லை என்றால் விரிப்பு கோணலாகிவிடும். தளபதியின் எதிரில் வருடக்கணக்காக நின்றவள் ஊசி.

ஊசி ஒல்லியாக இருப்பாள், வாயும் கூர்மை. அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. விரிப்பு மடித்தபடியே இருவரும் பேசாத பேச்சில்லை. கிட்டே வரும்போது ஒரு வார்த்தை, விலகும்போது அதற்குப் பதில் என்று, ஒரு கதையைச் சொல்லி முடிக்க ஒரு வார்டின் விரிப்பு பூராவும் தேவைப்படும். "மகப்பேறு வார்டு முடியறதுக்குள்ள என் நாத்தனார் கதையை முடிச்சிடுறேன்" என்பாள் ஊசி. தளபதிக்கு மகள் பிறந்த சேதியைச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரியின் மேல் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பொண்ணுடி! ஆத்தாளை விடப் பெரிய தொண்டை!" என்று இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்தினாளாம்.

தேர்தல் நாள் என்றால் தளபதிக்குத் தலைகால் புரியாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா அதே ஆஸ்பத்திரியில் மூட்டை தூக்கினார். குடும்பம் குடியிருந்தது கொதிகலன் அறையை ஒட்டிய ஒரு சாய்ப்பில். அதற்குக் கதவு எண் கிடையாது. எண் இல்லாத வீட்டில் இருப்பவனுக்கு ஓட்டும் கிடையாது என்பது அப்போதைய நடைமுறை. அது அப்பாவுக்குத் தெரியாது. சட்டையை வெளுத்து, ஷூவைத் துடைத்து, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, அடுத்த ஆளு" என்றார். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, தள்ளவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஷூவை அவர் அதற்கப்புறம் போட்டதை மகள் பார்க்கவில்லை.

பிற்பாடு நடைமுறை மாறியது. தளபதி வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, கதவில் எண் உள்ள வீட்டுக்குக் குடிபோனதும் முதல் காரியமாகப் பட்டியலில் பெயரைச் சேர்த்தாள். அப்புறம்தான் பால்காரரிடம் பால் சொன்னாள்.

சலவைக்கூடத்துப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிற ஏற்பாடும் அவள் யோசனைதான். அவர்கள் குடியிருந்த வட்டத்துக்கு ஓட்டுச்சாவடி ஊரின் மறுபக்கத்து ஆரம்பப் பள்ளியில் இருந்தது. ஷிப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். விரிப்பு ஏற்றும் வேன் மத்தியானம் சும்மாதானே நிற்கிறது என்று கண்காணிப்பாளரிடம் போய்ப் பேசி, பேசி, கடைசியில் அவர் தலைவலி தாங்காமல் சாவியைக் கொடுத்தார்.

அந்தப் பயணங்களை நினைத்தால் இப்போதும் தளபதிக்கு வெளுத்த துணியின் வாசனை மூக்கில் வரும். வேனுக்குள் ஜன்னல் இல்லை. மடித்த கம்பளிகளின் மேல் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வளைவு வரும்போதெல்லாம் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து ஒருத்தி மேல் ஒருத்தி விழுவார்கள். பாட்டு, சிரிப்பு, யாரோ கொண்டுவந்த கடலைப் பொட்டலம். வீட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் அவர்களுக்கென்று கிடைத்த ஒரே மத்தியானம் அது. பள்ளிக்கூடத்தில் சின்னஞ்சிறு பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி வைத்திருப்பார்கள். கரும்பலகையில் அரைகுறையாக அழித்த கணக்கு இருக்கும். திரைக்குப் பின்னால் போய் முத்திரை குத்தி, சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். ஒருமுறை அங்கிருந்த அதிகாரி, "என்னம்மா, உங்க சீட்டெல்லாம் மட்டும் முனையோட முனை இப்படி அளவா மடிஞ்சிருக்கு?" என்று கேட்டாராம். "எங்க தொழிலே அதுதானுங்க" என்றாள் நீராவி. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

நீராவி என்பது உருளை இஸ்திரிக்காரி. குண்டாக, சிவந்த முகமாக, எப்போதும் வியர்த்துக்கொண்டு, தொட்டதற்கெல்லாம் கொதித்து, கொதித்த வேகத்தில் ஆறிப்போகிறவள்.

இந்த வேனில் ஊசியும் வருவாள். கடலை அவள் மடியில்தான் இருக்கும். பாட்டையும் அவள்தான் தொடங்குவாள். ஆனால் பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் குட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பைகளையெல்லாம் இப்படிக் குடுங்க. நான் பாத்துக்கறேன். போயிட்டு வாங்க" என்பாள்.

முதல் தடவை எல்லோரும் வேடிக்கை என்று நினைத்தார்கள். இரண்டாம் தடவை தளபதி கையைப் பிடித்து இழுத்தாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு உள்ள வராம இருந்தா என்னடி அர்த்தம்?"

"வேன்ல வர்றது எனக்குப் பிடிக்கும். உள்ள போறது பிடிக்கல."

"இதென்ன சினிமாவா, பிடிக்குது பிடிக்கலன்னு? கடமைடி!"

"உனக்குக் கடமை. எனக்கு இஷ்டம். இஷ்டமில்லன்னா விடேன்."

"காரணத்தைச் சொல்லு, விட்டுடுறேன்."

"காரணம் சொன்னாத்தான் விடுவேன்னா அதுக்குப் பேரு இஷ்டம் இல்ல. லீவு லெட்டர்" என்றாள் ஊசி. பெண்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தளபதிக்கும் சிரிப்பு வந்தது. வந்தும் அடக்கிக்கொண்டாள்.

சோம்பேறி என்று ஊசியைச் சொல்லிவிட முடியாது. கூடத்தின் குடிதண்ணீர்க் குழாய் உடைந்து யாரும் கவனிக்காமல் கிடந்தபோது, நிர்வாகியின் அறை வாசலில் காலிக் குடத்தோடு போய் உட்கார்ந்தவள் அவள்தான். தண்ணீர் வந்த பிறகுதான் எழுந்தாள். வெந்நீர்க் குழாய் வெடித்து ஒருத்திக்குக் கை வெந்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், அதற்கப்புறம் எல்லோருக்கும் தடித்த கையுறை வாங்கிக் கொடுக்க வைத்ததும் அவள்தான். அதனால்தான் தளபதிக்குப் புரியவே இல்லை. இவ்வளவும் செய்கிறவள் ஒரு முத்திரை குத்த ஏன் மாட்டேன் என்கிறாள்?

அப்படியே சிரிப்போடு போயிருக்கும். ஆனால் அந்தக் கடைசித் தேர்தல் வந்தது.

சலவை வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தை மூடிவிடலாம் என்று நகராட்சியில் பேச்சு அடிபட்டது. அவர்களுடைய வட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் மருந்துக்கடைக்காரர். கூடத்தை மூட விடமாட்டேன் என்று சொன்னவர். இன்னொருவர் ஊரில் பாதிக் கட்டடங்களைக் கட்டிய கான்ட்ராக்டர். மூடினால்தான் நகராட்சிக்கு மிச்சம் என்று வெளிப்படையாகவே பேசினார்.

தளபதி வேலை முடிந்து வீடு வீடாகப் போனாள். மகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, தொண்டை கட்டுகிற வரைக்கும் பேசினாள். கூடத்துப் பெண்கள் எல்லோரும், "மருந்துக்கடைக்காரருக்குத்தான், இதுல என்ன சந்தேகம்" என்றார்கள். ஊசி மட்டும் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு தடவைடி. எனக்காக" என்றாள் தளபதி, முனையோடு முனை சேர்க்கும்போது.

"உனக்காகக் கிணத்துல குதின்னு சொல்லு, குதிக்கிறேன். இதைக் கேக்காதே."

"நம்ம சோறுடி இது!"

"தெரியும். கூடத்தை மூடினா கேட்டு முன்னாடி மொத ஆளா வந்து உட்காருவேன். நீ எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன். ஓட்டு மட்டும் வேணாம்."

தளபதி கையிலிருந்த முனைகளை விட்டுவிட்டாள். விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. அவர்கள் ஜோடியாக மடித்த காலத்தில் தரையில் விழுந்த ஒரே விரிப்பு அது.

தேர்தலன்று வேன் போனது. ஊசி வந்தாள். சுவரில் உட்கார்ந்தாள், பைகளைப் பார்த்துக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் தோற்றார். விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வித்தியாசத்தில் தோற்றார். அதுதான் வினையாகப் போனது. பெரிய வித்தியாசத்தில் தோற்றிருந்தால் ஊரைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கைப்பிடி ஓட்டு என்றதும் எல்லோருடைய கண்ணும் ஒருத்தி மேல் திரும்பியது. ஊசியின் ஒரு ஓட்டால் அவர் ஜெயித்திருக்க முடியாதுதான். ஆனால் வயிறு எரிகிறபோது யார் கணக்குப் பார்க்கிறார்கள்? அவளுக்குப் புருஷன் இருந்தான், மாமியார் இருந்தாள், கொழுந்தன் இருந்தான், அவர்களையும் அவள்தான் தடுத்திருப்பாள் என்று யாரோ ஆரம்பித்தார்கள். மறுநாளே அது நிச்சயமான செய்தியாகிவிட்டது.

தளபதி எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துச் சொன்னாள்: "உன் இஷ்டம் எங்க எல்லார் அடுப்பையும் அணைச்சிருச்சு. சந்தோஷமா?"

ஊசி வாயைத் திறந்தாள். அவள் வாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடியதைத் தளபதி அன்றுதான் பார்த்தாள். அதையும் குற்ற உணர்ச்சி என்றே எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மடிக்கிற இடத்தில் ஜோடி மாற்றிக்கொண்டாள்.

கூடத்தை மூடுவதாக அறிவிப்பு ஒட்டியபோது ஊசி சொன்னபடியே கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். தனியாக உட்கார்ந்தாள். அவளோடு உட்கார ஒருத்தியும் போகவில்லை. காவல்காரர் வந்து, "எழுந்து போம்மா, பாவமா இருக்கு" என்று கெஞ்சும் வரை வெயிலில் இருந்துவிட்டு எழுந்து போனாள். கடைசி நாள் பிரிவு டீக்கு அவள் வரவில்லை.

அதற்கப்புறம் எல்லோரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். தளபதிக்கு ஒரு விடுதியின் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, பரிமாறும் பகுதிக்கு மேற்பார்வையாளராகும் வரை அங்கேயே காலம் ஓடியது. மகள் படித்தாள், ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி சோதிக்கும் வேலைக்குப் போனாள். தளபதி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தாள். எந்தத் தேர்தலையும் அவள் தவறவிடவில்லை. ஆனால் வரிசையில் தனியாக நிற்கும்போது சிரிப்பதற்கு யாரும் இல்லாதது அவளுக்கு என்னவோ போல இருக்கும்.

ஒருநாள் டிரைவர் அண்ணனிடமிருந்து போன் வந்தது. கண் மங்கிவிட்டதால் இனிமேல் வண்டி ஓட்டப் போவதில்லையாம். "சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன் தளபதி. பழைய ஆளுங்க எல்லாரும் ஒரு சாயங்காலம் வாங்களேன், டீ சாப்பிடலாம்" என்றார். தளபதி என்று ஒருவர் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

டிரைவர் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பழைய பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் முடி நரைத்திருந்தது, முழங்கால் பிடித்திருந்தது. ஆனால் குரல் மட்டும் குறையவில்லை. இயந்திரம் ஓடாத அந்த அறையில் எல்லோரும் இயந்திரம் ஓடுவது போலவே கத்திப் பேசினார்கள். டிரைவர் அண்ணனின் பேத்தி பயந்து உள்ளே ஓடிவிட்டாள். ஊசி வரவில்லை. அவளைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

பேச்சு வேனில் வந்து நின்றது. கம்பளி மேல் சாய்ந்தது, கடலை சிந்தியது, அதிகாரி சீட்டைப் பார்த்து வியந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட நீராவி, பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடியே சர்வ சாதாரணமாகச் சொன்னாள்:

"கடைசித் தடவை போனோமே, ஞாபகமிருக்கா? கான்ட்ராக்டருக்குக் குத்திட்டு வெளிய வந்தா, தளபதி எதிர்ல நிக்கிறா. கண்டுபிடிச்சிடுவாளோன்னு முந்தானையால மூஞ்சியைத் துடைக்கிற மாதிரி மூடிக்கிட்டேன்!"

தளபதிக்கு முதலில் காதில் விழுந்தது மனதில் இறங்கவில்லை. "யாருக்குக் குத்திட்டு?"

"கான்ட்ராக்டருக்கு. என் வீட்டுக்காரர் அப்ப அவர்கிட்டதானே கொத்து வேலை பாத்தாரு. உனக்குத் தெரியாதா?"

"நீ மருந்துக்கடைக்காரருக்குன்னு சொன்னியே!"

"சொன்னேன். நீ கேட்டா வேற என்ன சொல்றது? உன் தொண்டைக்கு யாரு பதில் சொல்வா?"

மூலையில் இருந்த ஒருத்தி மெல்ல இருமினாள். "நானும் அவருக்குத்தான் போட்டேன். எங்க தெருவுக்கு ரோடு போட்டுத் தந்தாரு. மழைக் காலத்துல முழங்கால் தண்ணில நடந்த கஷ்டம் உங்களுக்குத் தெரியாது."

"எனக்கு ரெண்டு பேரையும் பிடிக்கல. ரெண்டு பேருக்கும் குத்திட்டு வந்துட்டேன்" என்றாள் இன்னொருத்தி.

"அடிப்பாவிகளா!" என்றாள் தளபதி. "நான் வேன் பேசி, சாவி வாங்கி, உங்களைக் கூட்டிட்டுப் போயி…"

"நீதானே கடமைன்னு சொன்னே? கடமையைச் செஞ்சோம்" என்றாள் நீராவி. "திரைக்குப் பின்னாடி நீ வரலையே."

அறையே அதிர்ந்தது. டிரைவர் அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, "கான்ட்ராக்டர் அந்த வருஷம் பெட்ரோல் செலவு இல்லாம ஜெயிச்சாரு!" என்றார். தளபதியும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சொந்தப் படையை நடத்திக்கொண்டு போய் எதிரியின் கோட்டைக்குள் விட்ட தளபதி வேறு எந்தக் கதையிலாவது உண்டா? ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, வாயைத் திறந்துவிட்டு மூடிய ஒரு முகம் கண் முன்னால் வந்தது. திரைக்குப் பின்னால் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. வெளியில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருந்தவள்தான் அகப்பட்டாள்.

கிளம்பும்போது டிரைவர் அண்ணனைத் தனியாக அழைத்தாள். "ஊசி எங்க இருக்கா, தெரியுமாண்ணே?"

"சைக்கிள் கடைக்கு மாடி. துணி தைக்கிறா. கூப்பிட்டேன். 'நான் வந்தா அவங்களுக்குச் சிரிப்பு வராதுண்ணே'ன்னுட்டா."

மறுநாள் காலையில் தளபதி அந்த மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது. கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோரம் தையல் இயந்திரம். அதன் பின்னால் கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்னும் ஒல்லியாகிப்போய், ஊசி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஊசிமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

"படியில மூச்சு வாங்கின சத்தம் கேட்டுச்சு. யாரோ கடன்காரன்னு நினைச்சேன். உட்காரு" என்றாள்.

தளபதி உட்கார்ந்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. "நீராவி கான்ட்ராக்டருக்குப் போட்டாளாம்டி" என்று மொட்டையாகச் சொன்னாள்.

"தெரியும்."

"தெரியுமா? எப்படித் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். வெளிய வந்து என் பக்கத்துல சுவத்துல உட்கார்ந்து அழுதா. தளபதி கேட்டா செத்துடுவேன்னா. வீட்டுக்காரர் வேலை போயிடும்னு பயம். சொல்ல மாட்டேன்னு சொன்னேன்."

தளபதிக்குக் கோபமா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று பொங்கியது. "அப்ப நான் எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிக் கேட்டப்ப, அவ பக்கத்துலதானே நின்னா! நீ ஏன் வாயைத் திறக்கலை?"

"அது அவ ஓட்டு. நான் எப்படிச் சொல்றது?" என்றாள் ஊசி. "உனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம்தானே. அது ரகசியம்னு வேன்ல நீதான் பாடம் எடுத்தே."

கீழே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். தளபதி தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ கேட்டு முன்னாடி உட்கார்ந்தப்ப நான் அந்தப் பக்கமாத்தான் போனேன். உன்னைப் பாத்தேன். நிக்காம போயிட்டேன்."

"பாத்தேன். பச்சைக் குடை."

"அதை மட்டும் என்னால…" வீட்டிலும் இறங்காத தளபதியின் குரல் அங்கே இறங்கிவிட்டது. அவ்வளவு பெரிய தொண்டை.

ஊசி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "குடி. இப்ப அழுதா படியில இறங்க முடியாது. விழுந்து வெச்சா நான்தான் தூக்கணும்." பிறகு, "நீராவிகிட்டப் போய்க் கத்தாதே. அவ பயந்தா, அவ்வளவுதான். நான் மறந்துட்டேன்" என்றாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுடி. இப்பவாவது சொல்லு. ஏன் நீ போடவே மாட்டேங்கறே?"

ஊசி தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுத் தடவினாள். "லீவு லெட்டர் கேக்குறியா?" என்று சிரித்தாள். ஆனால் சொன்னாள். "எங்கப்பா செத்தப்ப பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாம் வீட்டுல உட்கார்ந்து பேசினாங்க. பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திடலாமான்னு. யார் யார் சம்மதம், கையைத் தூக்குங்கன்னாரு பெரியப்பா. எல்லாரும் தூக்கினாங்க. எங்கம்மா மட்டும் தூக்கலை. 'சரி, முடிஞ்சுது'ன்னு எழுந்து சாப்பிடப் போயிட்டாங்க. நான் கதவோரம் நின்னுக்கிட்டு இருந்தேன். என்னை யாரும் கேக்கலை. அதுல இருந்து எனக்கு, தலையை எண்ணி ஒரு விஷயத்தை முடிக்கிற இடத்துல நிக்கவே பிடிக்காது. நான் ஜெயிக்கிற பக்கமா இருந்தாலும் பிடிக்காது. யாரோ ஒருத்தர் கதவோரம் நிப்பாங்கன்னு தோணும்."

தளபதி அவளையே பார்த்தாள். இத்தனை வருடம் எதிரெதிரே நின்று, நாத்தனார் கதையெல்லாம் கேட்டு, இந்தக் கதையைக் கேட்டதில்லை. வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அப்பாவின் கதையைத் தானும் இவளிடம் சொன்னதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வேனில் எல்லோரிடமும் கடமை கடமை என்று கத்தினாளே தவிர, ஷூ துடைத்ததைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. இப்போது சொன்னாள். ஊசி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"அடப்பாவமே. அப்ப நீ கத்தினது சரிதான்" என்றாள்.

"நீ கதவோரம் நின்னவ. அப்படிப்பட்டவ எண்ணுற இடத்துக்குள்ள போய் நிக்க வேணாமா? உங்கம்மா பக்கம் இன்னொரு ஆள் அன்னைக்கு இருந்திருந்தா?"

"இருந்திருந்தாலும் தோத்திருப்பா."

"தோத்தாலும்! உள்ளயே வராதவளை யாருடி எண்ணுவா? ஆனாலும் நீ போட்டிருக்கணும்."

"இதைச் சொல்லாம நீ இறங்க மாட்டேன்னு தெரியும்" என்று ஊசி சிரித்தாள். "சாப்பிட்டுப் போ."

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருமுறையாவது தளபதி அந்த மாடிப்படி ஏறினாள். நீராவியிடம் அவள் கத்தவில்லை. ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனாள். நீராவி வாசலில் நின்று அழ ஆரம்பித்தாள். "வழக்கம்போல கொதிக்குது, ஆறிடும்" என்று சொல்லி ஊசி அவளை உள்ளே இழுத்தாள்.

அடுத்த தேர்தல் வந்தது. தளபதி காலையிலேயே மகளோடு போய் ஓட்டுப் போட்டாள். மகள் பாதி மனதோடுதான் வந்தாள். "வரலைன்னா நீ என்னம்மா பண்ணுவே?" என்று வழியில் கேட்டாள். "முன்னாடின்னா இழுத்துட்டுப் போயிருப்பேன். இப்ப கேப்பேன், அவ்வளவுதான்" என்றாள் தளபதி. மகள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தானாகவே முன்னால் நடந்தாள்.

ஓட்டு எண்ணுகிற அன்று சாயங்காலம் தளபதி ஊசியின் வீட்டில் இருந்தாள். ஊசி டிவியை ஜன்னல் பக்கமிருந்து நடுக்கூடத்துக்கு இழுத்து வைத்திருந்தாள். எந்த வட்டத்தில் யார் நிற்கிறார், போன தடவை எவ்வளவு, யார் எந்தக் கட்சியிலிருந்து எந்தக் கட்சிக்குத் தாவியவர் எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. பின்தங்கியவர்களைப் பெயர் சொல்லித் திட்டினாள். தளபதியின் ஆள் முதல் சுற்றிலேயே சறுக்கினார்.

"அவனுக்கா போட்டே? அவன் தண்ணிக் குழாய் விஷயத்துல என்ன பண்ணினான் தெரியுமா?"

"ஓட்டே போடாதவளுக்கு இவ்வளவு பேச்சு எதுக்குடி?"

"போடாததாலதான் எல்லாரையும் திட்ட முடியுது. நீ போட்டவனை உன்னால திட்ட முடியுமா, சொல்லு!"

"நான் போட்டவன், நான் திட்டுவேன்! எனக்கில்லாத உரிமையா?"

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. கீழே சைக்கிள் கடைக்காரர் ஒருமுறை வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பேச்சின் நடுவே தளபதி திரும்பியபோது, அழைத்துப்போக வந்த மகள் வாசற்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரமாடி இங்க உட்கார்ந்திருக்கே? கூப்பிடக் கூடாதா?"

"கூப்பிட்டேன்மா. உங்க ரெண்டு பேருக்கும் எங்க கேட்டுச்சு? சரி, சண்டை முடியட்டும், கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன்."

ஊசி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அப்படின்னா நீ போயிட்டு நாளைக்கு வாம்மா."